கடிதத்தில் ‘டீம்ட்’ என்று இருந்தால் இரண்டு முறை படியுங்கள்

மூன்று நாள்கள் வேலைக்குப் போகாத ஒரு தொழிலாளிக்கு நிர்வாகத்திடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வருகிறது. வேலை ஒப்பந்தத்தை அவர் மீறியவராக ‘டீம்ட்’ என்று அதில் ஒரு வரி. வீட்டில் படிக்கும் பிள்ளை அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்படிக் கருதுகிறார்களாம், அப்பா” என்று சொல்கிறது. கருதுகிறார்கள், அவ்வளவுதானே, நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவரும் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார். அதற்குள் நாள்கள் ஓடிவிடுகின்றன.

அகராதி சொன்னது பொய்யில்லை. ‘டீம்’ என்ற வினைச்சொல்லுக்குக் கருது, எண்ணு, மதி என்றுதான் பொருள் போட்டிருப்பார்கள். ஆனால் சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் அலுவலகக் கடிதத்திலும் அந்தச் சொல் ஒருவருடைய எண்ணத்தைச் சொல்ல வருவதில்லை. “இது இப்படித்தான் என்று முடிவு கட்டியாகிவிட்டது, இனி எல்லாக் காரியமும் அதன்படியே நடக்கும்” என்பதே அங்கே அதன் பொருள். இந்த வேறுபாடு தெரியாமல் போனால் வேலை, சம்பளம், இழப்பீடு என்று பலவும் கையை விட்டுப் போகக்கூடும். தெரிந்திருந்தால் அதே சொல்லைத் தொழிலாளியும் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சொல் எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் எழுதும்போது குழு என்று பொருள்படும் ‘டீம்’ என்ற சொல்லும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும். இங்கே பேசப்படுவது டி, இ, இ, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளால் ஆன வினைச்சொல். முதல் ஒலி ‘பண்டம்’ என்பதில் வரும் மெல்லிய ஒலியாக இருக்கும். இறந்த காலத்தில் அது ‘டீம்ட்’ ஆகும். கடிதங்களில் பெரும்பாலும் கண்ணில் படுவது இந்த இரண்டாவது வடிவம்தான்.

இது பழைய ஆங்கிலச் சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதற்குத் தீர்ப்பு வழங்குதல் என்பதே நேரடிப் பொருள். ‘டூம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்தது. இன்று அதை அழிவு, கெட்ட விதி என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். அன்று அதற்கும் தீர்ப்பு என்றுதான் பொருள். 1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம், நாட்டிலுள்ள நிலம், உடைமை முதலியவற்றைக் கணக்கெடுத்து எழுதிவைத்த ஏட்டை மக்கள் ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று அழைத்தார்கள். இறுதித் தீர்ப்பு நாளைப் போலவே, அந்த ஏட்டில் எழுதியதை எதிர்த்து முறையிட வழியில்லை என்பது அந்தப் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே மேன் தீவு என்று ஒரு சிறு தீவு உண்டு. அங்கே உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இன்றும் ‘டீம்ஸ்டர்’ என்றுதான் பட்டம். ஆகவே ‘டீம்’ என்ற சொல்லுக்குள் ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைவில் வைத்துக்கொண்டால் அதன் பொருள் மறக்காது. சேமிப்புப் புள்ளிகளுக்குப் பரிசு வாங்கும்போது கேட்கும் ‘ரிடீம்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது இலத்தீன் வழியாக வந்த வேறு சொல்.

வாக்கியத்தில் எப்படி வரும்?

இந்தச் சொல் மூன்று விதமாக வாக்கியத்தில் அமையும். பள்ளி மாணவர்களுக்கும் இது பயன்படும்.

முதலாவது, ஒருவரையோ ஒரு பொருளையோ சொல்லி, அடுத்து அதன் தன்மையைச் சொல்வது. ‘தி டாக்டர் டீம்ட் ஹிம் ஃபிட் ஃபார் ஒர்க்’ என்றால், அவர் வேலைக்குத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறார் என்று மருத்துவர் முடிவு செய்தார் என்று பொருள்.

இரண்டாவது, நடுவில் ‘இட்’ வருவது. ‘தி கமிட்டி டீம்ட் இட் நெசசரி’ என்றால், அது தேவை எனச் செயற்குழு தீர்மானித்தது என்று பொருள்.

மூன்றாவது, செயப்பாட்டு வினையாக வருவது. ‘ஷல் பி டீம்ட்’ என்ற தொடர் இவ்வகை. சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் இதுவே மிகுதி. இந்த வடிவத்தில் முடிவு செய்தவர் யார் என்பது வெளியே தெரியாது. சட்டம் தானே பேசுவது போல இருக்கும்.

‘ரிகார்ட்’ என்ற சொல்லுக்குப் பின் ‘ஆஸ்’ வரும். ‘டீம்’ என்ற சொல்லுக்குப் பின் ‘ஆஸ்’ போடாமல் இருப்பதே நல்ல வழக்கு. தவிர, இது மிடுக்கான சொல். ஒரு நண்பருக்கு அனுப்பும் செய்தியில், இந்தக் கடைத் தோசையை நல்ல தோசை என்று ‘டீம்’ செய்கிறேன் என எழுதினால் அவர் சிரித்துவிடுவார். அங்கே ‘திங்க்’ போதும். ‘கன்சிடர்’ சற்று ஆழமாக எண்ணிப் பார்ப்பதைக் குறிக்கும். ‘டீம்’ எண்ணிப் பார்த்து முடித்து, தீர்ப்புச் சொல்லிவிட்ட நிலை.

‘எனக் கொள்க’ என்ற கணக்கு வாத்தியார்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லின் சட்டப் பொருளை விளக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கணக்குப் பாடத்தில், ஒரு மாம்பழத்தின் விலை இவ்வளவு எனக் கொள்க என்று வரும். உண்மையில் அந்த மாம்பழம் என்ன விலை என்று எந்த மாணவரும் சந்தைக்குப் போய் விசாரிப்பதில்லை. கொள்க என்று சொன்ன பிறகு அதை வைத்துக்கொண்டுதான் கணக்கு முழுவதையும் செய்ய வேண்டும்.

சட்டத்தில் வரும் ‘டீம்ட்’ இதே வேலையைத்தான் செய்கிறது. நடந்தது உண்மையில் என்ன என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தச் சட்டத்தின் காரியங்களுக்கு அதை இவ்வாறு எனக் கொள்க என்று அது கட்டளையிடுகிறது.

பிரிட்டனில் அக்காலத்தில் மேல்முறையீடுகளை இறுதியாக விசாரித்துவந்த பிரபுக்கள் சபையின் நீதிபதியான ராட்கிளிஃப் பிரபு, 1952-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஒரு வழக்கில் இந்தச் சொல்லின் வேலைகளைப் பிரித்துக் காட்டினார். இயல்பாக ஒரு சொல்லுக்கு இல்லாத பொருளைச் செயற்கையாக ஏற்றுவதற்கு அது பயன்படலாம். சந்தேகத்துக்கு இடமான ஒன்றைச் சந்தேகமில்லாமல் ஆக்குவதற்கும் பயன்படலாம். வெளிப்படையானது, ஐயமானது, சாதாரணமாக உள்ளே வரவே முடியாதது ஆகிய எல்லாவற்றையும் ஒரே வேலிக்குள் கொண்டுவருவதற்கும் பயன்படலாம். எந்த வேலைக்காக அது வந்திருக்கிறது என்பதை இடத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

வேலைச் சட்டத்தில்: கத்திக்கு இரண்டு பக்கம்

மலேசியத் தொழிலாளர்களை இந்தச் சொல் அதிகமாகத் தொடுவது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில். தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரிய இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு, 2023 ஜனவரி 1 முதல் சம்பள அளவைப் பார்க்காமல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. சில பிரிவுகளுக்கு மட்டும் சம்பள வரம்பு உண்டு.

அந்தப் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்வது இது. முன்கூட்டியே விடுப்பு வாங்காமல், தொடர்ச்சியாக இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராமல் இருக்கும் தொழிலாளி, தமது வேலை ஒப்பந்தத்தை மீறியவர் எனக் கொள்ளப்படுவார். ஆனால் வாக்கியம் அத்துடன் முடியவில்லை. வராததற்கு நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்கு முன்கூட்டியோ, இயன்ற முதல் வாய்ப்பிலோ தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், அவர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகமாட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. இரண்டு நாள்கள் என்று இல்லை, இரண்டு நாள்களுக்கு மேல் என்று இருக்கிறது. காரணம் மட்டும் போதாது, தெரிவித்திருக்கவும் வேண்டும். தெரிவிக்க முடியாமல் போனாலும், முயன்றதற்குச் சான்று இருந்தால் அது பயன்படும். வீட்டில் சாவு, திடீர் வெள்ளம், பிள்ளைக்கு மருத்துவமனை என்று எதுவாக இருந்தாலும், மண்டோருக்கோ கிராணிக்கோ அலுவலகத்துக்கோ உடனே ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும் என்பது அதனால்தான். எடுக்கப்படாத தொலைபேசி அழைப்பின் பதிவும், அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் முயன்றதைக் காட்ட உதவும். அவற்றை அழித்துவிடக் கூடாது.

பலருக்குத் தெரியாத செய்தி இதே பிரிவின் முதல் உட்பிரிவில் இருக்கிறது. சட்டப்படி சம்பளம் கொடுக்கத் தவறும் முதலாளியும் வேலை ஒப்பந்தத்தை மீறியவர் எனக் கொள்ளப்படுவார். அங்கேயும் அதே ‘டீம்ட்’தான். சம்பளக் காலம் முடிந்து 7 நாள்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் பொதுவான விதி. வேலைக்கு வராத தொழிலாளியை நோக்கி நீளும் விரல், சம்பளம் கொடுக்காத முதலாளியை நோக்கியும் நீள்கிறது. இன்னும் சொன்னால், அது நீளும் வரிசையில் முதலாளிதான் முதலில் நிற்கிறார்.

ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது. சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்திலும், வாசகத்தில் சிறு வேறுபாடுகளுடன், இதே இரண்டு விதிகள் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இருக்கின்றன.

இன்னொன்றும் முக்கியம். ஒப்பந்தத்தை மீறியவர் எனக் கொள்ளப்படுவது வேறு, வேலை போய்விட்டது என்பது வேறு. மீறல் நடந்ததாகக் கொள்ளும்போது, மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க மறு தரப்புக்கு வழி திறக்கிறது. மலேசியாவில் நியாயமில்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டதாக நினைக்கும் தொழிலாளி, 1967-ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, வேலைநீக்கம் செய்யப்பட்ட 60 நாள்களுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் முறையீடு செய்ய வேண்டும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டால் கரைவது இந்த 60 நாள்கள்தான்.

எம்.சி. கையில் இருந்தும் ‘வராதவர்’

மருத்துவ விடுப்புச் சான்றிதழ் இருந்தால் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. சான்றிதழ் இருந்தாலும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காமலும் தெரிவிக்க முயலாமலும் இருந்தால், அந்த நாள்களில் அனுமதியும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராதவர் எனக் கொள்ளப்படுவார்.

ஒருவர் உண்மையாகவே காய்ச்சலில் படுத்திருந்தார். மருத்துவரும் அதைக் கையெழுத்திட்டுச் சொல்கிறார். காரணம் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியிருந்தும் சட்டத்தின் கணக்கில் காரணம் இல்லாதவர் ஆகிவிடுகிறார். உண்மைக்கும் ‘டீம்ட்’ என்ற சொல்லுக்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எம்.சி.யை வாங்கிய கையோடு அதைப் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவது மிகவும் எளிய தற்காப்பு.

சொக்சோவில்: அதே சொல் கை கொடுக்கிறது

‘டீம்ட்’ என்றாலே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சொக்சோ சட்டம், இந்தச் சொல்லைத் தொழிலாளியின் பக்கம் நிறுத்துகிறது.

ஒருவர் விடியற்காலையில் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்புகிறார். வழியில் விபத்து. அவர் இன்னும் பிரட்டுக் களத்துக்கே வந்து சேரவில்லை. மரத்தில் கத்தி வைக்கவில்லை, இயந்திரத்தைத் தொடவில்லை. நேர் பொருளில் பார்த்தால் அது வேலையில் நேர்ந்த விபத்து இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்திலும், வேலையோடு நேரடித் தொடர்புள்ள பயணத்திலும், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையின் காரணமாக வேலையின்போது நேர்ந்த விபத்து எனக் கொள்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சொந்தக் காரியத்துக்காக வழியை மாற்றிக்கொண்டாலோ, பயணத்தை இடையில் நிறுத்தினாலோ, அந்த நேரத்தில் நேரும் விபத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். ஆகவே விபத்து நடந்தால் எங்கே நடந்தது, எந்த வழி, எத்தனை மணி என்பதைப் போலீஸ் புகாரில் சரியாகப் பதிவு செய்ய வேண்டும். விபத்தில் சிக்கியவர் மருத்துவமனையில் இருந்தால் குடும்பத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

கதவு மூடியதா, திறந்திருக்கிறதா?

‘டீம்’ என்ற சொல்லுக்கு அருகிலேயே ‘பிரிஸ்யூம்’ என்று இன்னொரு சொல் திரியும். இரண்டையும் தமிழில் கருதுதல் என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். சட்டத்தில் இரண்டுக்கும் வேலை வேறு.

‘பிரிஸ்யூம்’ என்பது ஊகம். மாறான சான்று வரும்வரை அப்படி வைத்துக்கொள்வோம் என்று அது சொல்கிறது. சான்று வந்தால் ஊகம் விழுந்துவிடும். சொக்சோ சட்டத்தின் 22-ஆம் பிரிவு இப்படிப்பட்டது. வேலையின்போது நேர்ந்த விபத்து, மாறான சான்று இல்லாதவரை, வேலையின் காரணமாகவே நேர்ந்ததாக ஊகிக்கப்படும். ‘டீம்’ பொதுவாக அத்தகைய கதவைத் திறந்து வைப்பதில்லை. சட்டம் கேட்கும் நிபந்தனைகள் நிறைவேறிவிட்டால் முடிவும் வந்துவிடும். கதவு வேண்டுமென்றால் அந்த வாக்கியத்திலேயே ‘அன்லெஸ்’, அதாவது ‘இருந்தாலன்றி’ என்ற சொல்லைப் போட்டுத் திறந்துவைத்திருப்பார்கள்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் நடப்பதைக் காணலாம். கைவிடப்பட்ட நிலையில் ஒரு பச்சிளங்குழந்தை கண்டெடுக்கப்பட்டால், மாறாகக் காட்டப்படும்வரை, அந்த இடத்திலேயே, அங்கு நிரந்தரமாக வசிக்கும் ஒரு தாய்க்குப் பிறந்ததாக அக்குழந்தை ஊகிக்கப்படும் என்கிறது 19பி பிரிவு. அவ்வாறு ஏற்கப்பட்டால், கண்டெடுத்த நாளே பிறந்த நாள் எனக் கொள்ளப்படும் என்றும் அது சொல்கிறது. முதல் பாதி ஊகம். இரண்டாம் பாதியில் ‘டீம்’ என்ற சொல் இல்லை, ஆனால் அதன் வேலை நடக்கிறது. யாருமே அறியாத ஒரு பிறந்த நாளைச் சட்டம் அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறது.

வரி அலுவலகக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்கள்

வருமான வரிப் படிவத்தை அனுப்பிவிட்டு, எவ்வளவு கட்ட வேண்டும் என்று வாரியத்திடமிருந்து கடிதம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய முறை. இப்போது வரி செலுத்துபவரே கணக்கிட்டுக்கொள்ளும் முறை நடப்பில் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி, நீங்கள் அனுப்பிய படிவமே வரி மதிப்பீட்டு அறிவிப்பு எனவும், அனுப்பிய அன்றே அந்த அறிவிப்பு உங்களிடம் சேர்ந்துவிட்டது எனவும் கொள்ளப்படும். தமக்குத் தாமே கடிதம் எழுதி, தாமே பெற்றுக்கொண்டது போலத்தான். அதனால்தான் படிவத்தின் பிரதியும் செலுத்திய ரசீதும் வீட்டில் இருக்க வேண்டும்.

‘டீம்ஸ் ஃபிட்’: அதிகாரத்துக்கும் வரம்பு உண்டு

ஒப்பந்தங்களிலும் விதிமுறைகளிலும் ‘ஆஸ் தி மேனேஜ்மென்ட் டீம்ஸ் ஃபிட்’ என்ற தொடரை அடிக்கடி காணலாம். நிர்வாகம் தக்கது என முடிவு செய்யும் வகையில் என்பது இதன் பொருள். ‘ஷல் பி டீம்ட்’ சட்டமே எடுத்துவிட்ட முடிவு. ‘டீம்ஸ் ஃபிட்’ முடிவெடுக்கும் உரிமையை இன்னொருவர் கையில் கொடுப்பது. கையெழுத்திடும் முன், எதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை நேரமா, வேலையிடமா, பிடித்தம் செய்யும் தொகையா?

இப்படி எழுதிவிட்டால் எதையும் செய்யலாம் என்று அதிகாரிகள் நினைப்பதும் சரியில்லை. 1979-ல் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகம் தொடர்பான ஒரு வழக்கில், அன்றைய கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ராஜா அஸ்லான் ஷா, சட்டம் தரும் எந்த அதிகாரத்துக்கும் சட்டப்படியான எல்லை உண்டு என்று தீர்ப்பளித்தார். கட்டுப்பாடே இல்லாத அதிகாரம் என்று ஒன்றில்லை என்ற அந்தக் கருத்து இன்றும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. அவர் பின்னாளில் பேராக் சுல்தானாகவும், நாட்டின் ஒன்பதாவது மாமன்னராகவும் இருந்தவர். அந்தத் தீர்ப்பு அரசு அதிகாரம் பற்றியது. தனியார் ஒப்பந்தம் என்றால் கையெழுத்திடும் முன் படிப்பதுதான் முதல் காவல்.

பேசாமல் இருந்தால் சம்மதமா?

“14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்” என்று சில கடிதங்கள் முடியும். மௌனம் சம்மதம் என்று நம் வழக்கிலும் உண்டுதான். ஆனால் எல்லா மௌனமும் சட்டத்தில் சம்மதம் ஆகிவிடாது.

இதற்கு அடிப்படையாகச் சொல்லப்படுவது 1862-ஆம் ஆண்டின் ஓர் ஆங்கில வழக்கு. ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தம் சகோதரர் மகனின் குதிரையை வாங்க விரும்பினார். விலையைக் குறிப்பிட்டு, இனி உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் குதிரை எனக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்வேன் என எழுதினார். சகோதரர் மகன் பதில் போடவில்லை. பின்னர் ஏலம் விடுபவர் தவறுதலாக அந்தக் குதிரையையும் விற்றுவிட்டார். ஃபெல்ட்ஹவுஸ் வழக்குத் தொடுத்தார், தோற்றார். மற்றவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று ஒருவர் தாமாகவே முடிவு கட்டிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

முன்பின் தொடர்பில்லாத ஒரு நிறுவனம் திடீரெனக் கடிதம் அனுப்பி, பதில் இல்லையேல் நீங்கள் உறுப்பினர் என்று சொன்னால் பயப்படத் தேவையில்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அறிவிப்பை அஞ்சலில் சேர்த்த சில நாள்களில் அது கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று இருந்தால் நிலைமை வேறு. அதற்கு நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். வாகனக் கடன், வீட்டு வாடகை, காப்புறுதி ஆகியவற்றின் ஒப்பந்தங்களில் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்துக்குக் குடிபோகும்போது புதிய முகவரியை உடனே தெரிவிக்க வேண்டியது இதனால்தான். பழைய முகவரிக்குப் போன கடிதமும் கிடைத்ததாகவே கொள்ளப்படலாம்.

‘நிகர்நிலை’ என்றால் தரம் குறைவா?

பிள்ளைகளை மேற்படிப்புக்கு இந்தியாவுக்கு அனுப்பும் பெற்றோர் ‘டீம்ட் யுனிவர்சிட்டி’ என்ற சொல்லைக் கேட்டுத் தயங்குவதுண்டு. தமிழ்நாட்டில் இதை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பார்கள். நல்ல மொழிபெயர்ப்பு. பல்கலைக்கழகமாகச் சட்டம் இயற்றித் தொடங்கப்படாத ஓர் உயர்கல்வி நிறுவனத்தை, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆலோசனைப்படி, பல்கலைக்கழகம் எனக் கொள்ளலாம் என்று இந்திய மத்திய அரசு அறிவிக்க 1956-ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது.

இந்தப் பெயர் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உலகப் புகழ்பெற்ற பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1958-லேயே இந்த நிலையைப் பெற்றது. திண்டுக்கல் அருகேயுள்ள காந்திகிராம கிராமிய நிறுவனம் 1976-ல் பெற்றது. பெயரில் ‘பல்கலைக்கழகம்’ என்று மட்டும் போட்டுக்கொள்வது குழப்பம் தருகிறது என்பதால், 2017-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதன்பின் இத்தகைய நிறுவனங்கள் தங்கள் நிலையை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டியதாயிற்று. ஆனால் இந்தியாவில் பல்கலைக்கழகம் எனக் கொள்ளப்படுவது மலேசியாவில் கிடைக்கும் அங்கீகாரம் ஆகிவிடாது. மருத்துவப் படிப்பென்றால் மலேசிய மருத்துவ மன்றத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தைக் கட்ட வேண்டும்.

தேசிய மொழியிலும் தமிழிலும்

மலேசியச் சட்டங்களின் தேசிய மொழிப் பிரதிகளில் ‘டீம்ட்’ வரும் இடங்களில் பெரும்பாலும் ‘டிசிஃபாட்கான்’ என்ற சொல்லைக் காணலாம். சிஃபாட் என்றால் தன்மை. ஒன்றுக்கு இந்தத் தன்மை தரப்பட்டது என்று அந்தச் சொல் காட்டுகிறது. கடிதம் தேசிய மொழியில் வந்தாலும் இந்தச் சொல்லைக் கண்டால் அதே கவனம் வேண்டும்.

தமிழில் ‘கருதப்படும்’ என்று எழுதுவது பழகிப்போய்விட்டது. அது ஒருவருடைய அபிப்பிராயம் போல ஒலிப்பதுதான் சிக்கல். ‘எனக் கொள்ளப்படும்’ என்று எழுதினால் கட்டளையின் தொனி வந்துவிடும். சங்கக் கடிதங்களையும் ஆலய விதிமுறைகளையும் தமிழில் எழுதும் செயலாளர்கள் இதைப் பின்பற்றலாம். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பதவி விலகியவர் எனக் கொள்ளப்படுவார் என்று எழுதினால், பின்னால் வீண் வாக்குவாதம் வராது.

கடிதம் வந்தால் கேட்க வேண்டியவை

‘டீம்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் அந்த வாக்கியத்தை முழுமையாகப் படித்து ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, எதை எதுவாகக் கொள்கிறார்கள்?

இரண்டு, அப்படிச் சொல்வது சட்டமா, நான் கையெழுத்திட்ட ஒப்பந்தமா, அல்லது கடிதம் எழுதியவர் தாமாகச் சேர்த்துக்கொண்டதா?

மூன்று, அதற்கு என்ன நிபந்தனைகள்? எத்தனை நாள், எத்தனை மணி நேரம்? அவை உண்மையில் நிறைவேறினவா?

நான்கு, ‘அன்லெஸ்’ என்ற கதவு இருக்கிறதா? அதில் நுழைய என்னிடம் என்ன சான்று இருக்கிறது?

ஐந்து, மறுப்பதற்கு எத்தனை நாள் அவகாசம், அது எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது?

பதில் தெரியாவிட்டால் கடிதத்தின் உறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். அஞ்சல் முத்திரையில் உள்ள தேதி தேவைப்படலாம். சம்பளம், விடுப்பு பற்றியது என்றால் தொழிலாளர் இலாகா, வேலைநீக்கம் என்றால் தொழில்துறை உறவு இலாகா, விபத்து என்றால் சொக்சோ அலுவலகம். தொழிற்சங்க உறுப்பினர்கள் சங்கத்தின் மூலம் போகலாம். வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. வாய்மொழியாகப் பேசி முடித்தாலும், பேசியதைச் சுருக்கமாக எழுதி, தேதி போட்டு, அலுவலகத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.